மஷிகோ பட்டறையில் வடக்குச் சுவர் எழுப்பியது

பழைய மண்பாண்டப் பட்டறையைப் பழுதுபார்க்க இறங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இங்கே பாண்டம் எப்படிக் காய்கிறது என்பதைத்தான். கூரை எந்தப் பாணி, தூண் எந்த மரம் என்பதெல்லாம் அப்புறம். ஜப்பானின் பழைய பட்டறைகளில் சுவர், தரை, சன்னல், கூரையின் இறவாணம் எல்லாமே ஈரக் களிமண்ணை மெதுவாகவும் சீராகவும் காயவிடுவதற்காக அமைந்தவை. அதை மறந்து எதைச் சரிசெய்தாலும் கட்டடம் நிற்கும், பாண்டம் விரிசல் விடும்.

நாங்கள் பழுதுபார்த்த பட்டறை மஷிகோவில் இருக்கிறது. தோச்சிகி மாகாணம், தோக்கியோவுக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பக்கத்திலுள்ள கசாமாவில் தொழில் கற்ற ஒத்சுகா கெய்சாபுரோ 1853-இல் இங்கே சூளை போட்டார். தண்ணீர் ஜாடி, அரைக்கும் சட்டி, தேநீர்க் கெண்டி என்று அடுக்களைச் சாமான்கள்தான் நெடுநாள் இந்த ஊரின் பிழைப்பு. புகழ்பெற்ற குயவர் ஷோஜி ஹமாதா 1924-இல் இங்கே வந்து தொழிலைத் தொடங்கி, 1930-இல் பழைய குடியானவர் வீடு ஒன்றை வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து எழுப்பிக் குடியேறிய பிறகு வெளியூர்க்காரர்களும் இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுகுபாவில் வேலை பார்க்கிறேன். மஷிகோவுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். விடுமுறை நாள்களில் அங்கே போய் மண் மிதிக்கும் கூட்டத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.

கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டது. 11 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம் இருக்கும். புல் வேய்ந்த கூரை. தெற்குப் பக்கம் முழுக்கக் காகிதம் ஒட்டிய சன்னல்கள். அவற்றின் கீழ் வரிசையாகச் சக்கரங்கள். வடக்கே திறப்பே இல்லாத கனத்த மண்சுவர். கிழக்குக் கோடியில் களிமண் மூட்டம் போட்டு வைக்கும் இருட்டறை, மேற்கே பாண்டத்துக்குப் பளபளப்புத் தரும் கிளேஸ் பூச்சின் தொட்டிகள், நடுவில் தரையிலேயே தோண்டிய கணப்பு. தலைக்கு மேலே இரண்டு அடுக்காக மூங்கில் குறுக்குக் கழிகள். ஆறு அடி நீளச் சுகி மரப் பலகைகளில் பாண்டங்களை வரிசையாக வைத்து, பலகையோடு தூக்கி அந்தக் கழிகளில் ஏற்றிவிடுவார்கள்.

இப்படி அமைத்ததற்குக் கணக்கு இருக்கிறது. வனைந்து இறக்கிய களிமண்ணில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். 600 கிராம் கிண்ணம் 200 வனைந்தால் 120 கிலோ மண். அதிலிருந்து 24 கிலோ தண்ணீராவது அந்த அறையின் காற்றுக்குள் போக வேண்டும். மெல்லிய விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கி, கனத்த அடிப்பாகம் ஈரமாகவே இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிளந்துகொள்ளும். மண்சுவரும் மண்தரையும் காற்று ஈரமாகும்போது ஈரத்தை உறிஞ்சுகின்றன, காற்று உலர்ந்தால் திருப்பிக் கொடுக்கின்றன. அதனால் காயும் வேகம் ஏறி இறங்காது. குளிர்காலத்தில் இன்னொரு கவலையும் உண்டு. மஷிகோ கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் ஊர், ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கிவிடும். ஈரப் பாண்டம் உறைந்தால் உள்ளே பனிப்படிகம் ஓடி, காலையில் உருகும்போது அது சேறாகச் சரியும். வடக்குச் சுவரின் கனம் அதற்காகத்தான்.

தெற்குப் பக்கத்தின் அழகு எனக்குக் கோணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் முழுதாகப் பிடிபட்டது. மஷிகோ 36 டிகிரி வட அட்சத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூன் கடைசியில் 77 டிகிரி. தாழ இறங்கிய இறவாணம் கோடை வெயிலை வாசலோடு நிறுத்திவிடுகிறது. குளிர்காலத்தில் அதே இறவாணத்துக்கு அடியில் வெயில் நுழைந்து, காகிதத்தில் பட்டுப் பரவி, சக்கரத்தின் மேலும் குயவரின் மடியிலும் விழுகிறது. காகிதம் வழியே வருவதால் கூர்மையான நிழல் இல்லை. வனைகிறவர் வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாண்டத்தின் விளிம்புக் கோட்டைத் துல்லியமாகப் பார்க்கலாம். காற்றும் நேராக அடிக்காது.

இந்தப் பட்டறைக்கு வந்த சேதம் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் தொடங்கியது. அன்று மஷிகோவில் ஏராளமான சூளைகள் சரிந்தன. ஹமாதாவின் சரிவுச் சூளையும் உடைந்து, பிறகு பலர் கூடி மீட்டுக் கட்டி 2015-இல் மறுபடி எரித்தார்கள். எங்கள் பட்டறையில் சட்டம் தாங்கிக்கொண்டது. வடக்குச் சுவரின் மண் பூச்சு மட்டும் பாளம் பாளமாக விழுந்தது. அதில் வியப்பில்லை. இப்படிப்பட்ட சுவரில் ஆட்டத்தை மண் நொறுங்கி ஏற்றுக்கொள்ளும், மூங்கிலும் மரமும் பிழைக்கும். அவசரத்துக்கு உள்ளே ஒட்டுப்பலகை அடித்து, வெளியே கம்பிவலையில் சிமெண்ட் பூசி, தரையில் பாதிக்குக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். பாத்திரம் விற்றுச் சாப்பிட வேண்டிய நேரத்தில் செய்த வேலை, குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் பிறகு குளிர்காலத்தில் விளிம்பு விரிசல் கூடிக்கொண்டே போனதாக உரிமையாளர் சொன்னார். அவர் உதைசக்கரத்தில் வனைகிறவர், இந்தப் பட்டறையில் மூன்றாம் தலைமுறை. காற்று ஒருநாள் கசகசவென்று இருக்கும், ஒருநாள் எலும்பு காயும் என்றார்.

ஒட்டுப்பலகையைப் பிரித்தபோது தூண்களின் அடி தெரிந்தது. பழைய முறையில் தூண் கல்லின் மேல் சும்மா நிற்கும். ஆணியோ போல்ட்டோ கிடையாது. கல்லுக்கும் மரத்துக்கும் இடையே காற்று போய்வரும், நனைந்தாலும் காய்ந்துவிடும். கான்கிரீட் ஊற்றியபோது அந்த அடிகளைச் சுற்றியும் ஊற்றிவிட்டார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் வடக்குத் தூண்களின் அடி கையால் பிய்க்கும் அளவுக்கு மக்கியிருந்தது. மேலே தூண் இரும்பு மாதிரி இருந்தது.

மூத்த தச்சர் ஒருவர் அடியை மட்டும் வெட்டி மாற்றினார். புதுத் துண்டு கஷ்கொட்டை மரம், ஈரத்துக்கு எளிதில் மக்காது. இணைப்பு இருபக்கமும் ஒரே வடிவம். இரண்டும் ஒன்றையொன்று கவ்வி நிற்க, நடுவில் சதுரத் துளையில் கெட்டி மர ஆப்பு ஒன்றைத் தட்டினால் இரண்டு பாதியும் இறுகிக்கொள்ளும். பசை இல்லை, ஆணி இல்லை. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கல்லோடு பொருத்திய வேலைதான். ஆற்றுக்கல்லின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். அவர் கல்லைத் தொடவில்லை, மரத்தைத்தான் கல்லுக்கு ஏற்றபடி செதுக்கினார். தூணைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நிறுத்தி, கவராயம் போன்ற கருவியின் ஒரு காலைக் கல்லின் மேல் நகர்த்த, மறுகால் அதே ஏற்ற இறக்கத்தை மரத்தில் மையால் வரைந்துகொண்டே போனது. அந்தக் கோடுவரை உளியால் எடுத்தார். பிறகு கல்லில் மை தடவி, தூணை இறக்கித் தூக்கினார். மை ஒட்டிய இடம் இன்னும் மேடு. அதைச் சீவி மறுபடி இறக்கினார். விளிம்பு முழுக்கச் சுற்றிவர மை ஒட்டும்வரை விடவில்லை. நடுப்பகுதியைச் சற்றுக் குழிவாக விட்டார். பாரம் ஓரத்தில் இறங்கினால் தூண் ஆடாதாம்.

சட்டம் உறுதியான பிறகு மூங்கில் தட்டி. மூங்கிலைக் குளிர்காலத் தொடக்கத்தில் வெட்டினால்தான் பூச்சி அரிக்காது, அப்போது தண்டில் மாவும் இனிப்பும் குறைவு. தூண்களின் பக்கவாட்டில் துளை போட்டு மெல்லிய முழு மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகுகிறோம். அவற்றின் மேல் இரண்டு விரல் அகலத்தில் பிளந்த மூங்கில் சீவல்களை, ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு, வைக்கோல் கயிற்றால் விட்டுவிடாமல் சுற்றிக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் முடிச்சுப் போடுவதில்லை. கயிறு ஒரே ஓட்டமாக ஓடும், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பிடித்து இறுக்கும். தட்டியைக் கையால் தள்ளினால் கொஞ்சம் நெளிந்து திரும்பி வர வேண்டும். விறைப்பாக இருந்தால் அடுத்த நிலநடுக்கத்தில் அது உடையும் என்று சுவர்ப்பூச்சுக் கைவினைஞர் ஒவ்வொரு கட்டத்திலும் தள்ளிப் பார்த்தார்.

மண்ணைக் கோடையிலேயே முற்றத்தில் குழி வெட்டிப் புளிக்கப் போட்டிருந்தோம். விழுந்த பழைய சுவர் மண்ணை உரிமையாளர் தூக்கி எறியாமல் கொட்டகையில் குவித்து வைத்திருந்தது பெரிய உபகாரம். பழைய சுவர் மண் கலந்தால் புது மண் நன்றாகப் பிடிக்கும். வைக்கோல் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே வைக்கோலைப் பொடித்துவிடுகிறது. நீள வைக்கோல் வேண்டுமானால், கதிரைக் கட்டி மூங்கில் சட்டத்தில் தொங்கவிட்டுக் காயவைக்கும் விவசாயியைத் தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்தோம். விரற்கடை நீளத்துக்கும் மேலாக நறுக்கிப் போட்டு, தண்ணீர் விட்டு, கால்நோக மிதித்து மூடிவைத்தோம். சில வாரங்களில் குமிழி வந்து, மண் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது. வைக்கோல் மக்கி வெளியிடும் பிசின்தான் மண் துகள்களைப் பிடித்து வைக்கிறது. நாற்றம் வராத மண்ணைப் பூச்சுக்காரர் ஏற்றுக்கொள்ளவே மாட்டார். பூசும் அன்று மறுபடி புது வைக்கோல் சேர்த்து மிதிக்க வேண்டும். முதலில் போட்டது பசைக்கு, கடைசியில் போட்டது இழுவிசைக்கு.

முதல் பூச்சை உள்பக்கமிருந்து கரணையால் அழுத்தித் தள்ளினோம். மண் தட்டியின் இடைவெளி வழியே பிதுங்கி மறுபக்கம் வந்து நிற்கும். அந்தப் பிதுக்கம்தான் சுவரைத் தட்டியில் மாட்டிவைக்கும் கொக்கி. அதை வெளிப்பக்கமிருந்து கையால் தடவி மூங்கிலோடு படிய விட வேண்டும். இந்தப் பக்கம் ஓரளவு காய்ந்ததும் அந்தப் பக்கம் பூச்சு. பிறகு பொறுமைதான். சுவர் காயும்போது உள்ளங்கை அகல இடைவெளிக்கு ஒன்றாக விரிசல் ஓடியது. புதிதாகப் பார்க்கிறவர் பயந்துவிடுவார், ஆனால் அந்த விரிசல் வேண்டும். அடுத்த பூச்சு அதற்குள் இறங்கிக் கவ்வும். தூணுக்கும் சுவருக்கும் நடுவே சுருங்கி வரும் சந்து மட்டும் ஆகாது, காற்று அந்த வழியாகத்தான் நுழையும். அதற்குச் சணல் நார்க்கொத்து கட்டிய சிறு ஆணிகளைத் தூணின் ஓரம் நெடுக அடித்து, நடுப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே நாரை இரண்டாகப் பிரித்து அதில் புதைத்தோம். பொடி வேலை, விரல் நோகும். சுவர் தூணை விட்டு விலகாமல் இருப்பது இதனால்தான்.

மணல் கலந்த நடுப்பூச்சோடு உள்பக்கத்தை நிறுத்திவிட்டோம். மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு வேண்டாம் என்று உரிமையாளர் உறுதியாகச் சொன்னார். குயவர் பட்டறைக்கே உரிய காரணம் அது. சுண்ணாம்புச் சில்லு ஒன்று களிமண்ணில் விழுந்து கலந்துவிட்டால் வனையும்போது தெரியாது. முதல் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து வீங்கி, பாண்டத்தின் மேல்தோலைச் சில்லாகத் தெறிக்கவைக்கும். சூளையிலிருந்து நன்றாக வந்த கிண்ணம் சில நாள் கழித்து அலமாரியில் இருந்தபடியே வெடிக்கும். சிமெண்டிலும் சுண்ணாம்புச் சேர்மம்தான் இருக்கிறது. அவசரத்துக்குப் போட்ட கான்கிரீட் தரையின் உதிர்ந்த ஓரத்தை உடைத்து அள்ளியபோது, இத்தனை வருஷம் இது களிமண் பிசையும் இடத்தின் அருகிலேயே இருந்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு பதறியது.

அதே காரணத்தால் தரையில் நீண்ட விவாதம் நடந்தது. ஜப்பானிய வீடுகளின் இறுகிய மண்தரைக்கு மண், சுண்ணாம்பு, உப்பளத்தில் மிஞ்சும் கசப்பு நீர் மூன்றையும் கலந்து திமிசு போடுவது வழக்கம். பூச்சுக்காரர் அதுதான் நிற்கும் என்றார். உரிமையாளர் சக்கரத்தின் பக்கமும் களிமண் அறையிலும் சுண்ணாம்பு கூடவே கூடாது என்றார். கடைசியில் இரண்டாகப் பிரித்தோம். வாசல் வழியும் இறவாணத்தடியும் சுண்ணாம்புக் கலவை. உள்ளே மண்ணும் கசப்பு நீரும் மட்டும். என் கருத்தில் இது சரியான முடிவு. உள்தரை கொஞ்சம் தேயும். தேய்ந்தால் அதே மண்ணைப் போட்டு இடித்துக்கொள்ளலாம். கசப்பு நீரில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துத் தரையை எப்போதும் லேசாக நனைத்தே வைக்கும், தூசி கிளம்பாது. காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். தூசி கிளம்பாத தரை குயவரின் உயிருக்கே காப்பு.

திமிசு போடும் மண்ணின் பதம் கைப்பிடியில் தெரியும். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் குத்தினால் இரண்டாக உடைய வேண்டும். 15 சென்டிமீட்டர் பரப்பி 10 ஆக இறங்கும்வரை திமிசுக்கட்டையால் இடித்தோம். ஆரம்பத்தில் சத்தம் மொத்தென்று விழும். இறுகியதும் கணீரென்று திருப்பிக் கொடுக்கும். அந்தச் சத்தம் வராத மூலைகளைத் தேடித் தேடி இடித்தோம்.

சக்கரக் குழிகளைத் தரை போடும்போதே அமைக்க வேண்டியிருந்தது. உதைசக்கரத்தில் நிலத்தில் நட்ட ஒற்றைக் கம்பம் அசையாமல் நிற்கும். மேல்தட்டும் உதைக்கும் கீழ்த்தட்டும் கட்டைகளால் இணைந்து அதைச் சுற்றிச் சுழலும். மேல்தட்டின் அடியில் பதித்த பீங்கான் கிண்ணிதான் கம்பத்தின் முனையில் உட்காரும் பேரிங். கம்பம் நூல் அளவு சாய்ந்தாலும் சக்கரம் ஆடும், சட்டியின் சுவர் ஒரு பக்கம் தடிக்கும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பக்கத்திலிருந்து தூக்குக்குண்டு பார்த்து, கல்லும் மண்ணுமாக அடுக்கடுக்காக இடித்து நட்டோம். ஓர் அடுக்கு இடித்தால் கம்பம் கொஞ்சம் நகரும், திருத்த வேண்டும், அடுத்த அடுக்கு. கெயாகி மரத்தட்டை ஏற்றி எண்ணெய் விட்டு உரிமையாளர் ஒரு உதை விட்டபோது அது சத்தமே இல்லாமல் ஓடியது.

இருக்கையின் உயரத்துக்கு ஒந்தாவில் பார்த்தது உதவியது. கியூஷு தீவில் ஹிதா நகரைச் சேர்ந்த மலைக்கிராமம் ஒந்தா, 1705 முதல் குடும்பம் குடும்பமாகத் தொழில் நடக்கிறது. ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் 1954-இல் வந்து தங்கிய ஊர். ஓடையின் நீரால் இயங்கும் மரவுலக்கைகள் இரவும் பகலும் மண்ணை இடித்துக்கொண்டிருக்கும். அங்கே இருக்கையும் தரையும் ஒரே சமன், கால் மட்டும் குழிக்குள். எழுந்தால் நேரே முற்றம், பலகையை வெயிலில் வைக்க ஒரு படி கூட ஏற வேண்டியதில்லை. எங்கள் வாசலிலும் இடறும் கட்டையை எடுத்துவிட்டுத் தரையோடு சமமாக ஓடும் தள்ளுகதவு வைத்தோம். தோளில் ஆறு அடிப் பலகையும் அதில் ஈரக் கிண்ணங்களுமாக வருகிறவர் காலடியைப் பார்க்க முடியாது.

பூச்சுக்காரரிடம் இப்படிச் சுவர் வேலை வருவது அரிதாகிவிட்டதா என்று கேட்டேன். மண்சுவர் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன என்றார். ஜப்பானின் மரக் கட்டடக் கலையைக் காக்கும் கைத்திறன்களை யுனெஸ்கோ 2020-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது சுவர்ப்பூச்சும் புல்கூரை வேய்தலும் அதில் இருந்தன. பட்டியல் நல்லதுதான். அதைவிட, வந்திருந்த இளைஞர் இருவர் அவரிடம் கரணை பிடிக்கக் கற்றுக்கொண்டது எனக்கு நம்பிக்கை தந்தது.

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வந்த குளிரில் பலகைகளை முழுக்க ஏற்றினார்கள். நான் தொங்கவிட்ட ஈரமானியின் முள் முன்பு போல் நாளுக்கு நாள் குதிக்கவில்லை. கீழ்க்கழியில் இருந்த கிண்ணத்தின் விளிம்பையும் அடியையும் உரிமையாளர் மாறி மாறித் தொட்டுப் பார்த்து, இரண்டும் கூடவே வருகின்றன என்றார். அடி செதுக்கும் பதத்துக்கு வர முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. அவர் கேட்டதும் அதுதான்.

வெளிப்பக்கத்தில் சுவருக்கு மழைக்காப்பாகச் சுகிப் பலகை அடித்திருக்கிறோம். பின்னால் காற்று போக இடைவெளி உண்டு, ஆப்பைத் தட்டினால் பலகைகள் தனித்தனியே கழன்றும் வரும். கணப்பையும் மூடவில்லை. விறகுப் புகைதான் கூரைப் புல்லை உலர்த்திப் பூச்சி அண்டாமல் வைக்கிறது. வெயில் படாத வடக்குச் சரிவில் பாசி பிடித்துப் புல் தாழ்ந்திருக்கிறது. முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை, பழைய புல்லை நெம்பி இடையிடையே புதுக்கட்டுகளைச் செருகினால் போதும் என்று கூரை வேய்கிறவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். புல் அறுப்பது குளிர்காலத்தில், இலை உதிர்ந்து தண்டு காய்ந்த பிறகு. செருகும் வேலை அதற்கு அடுத்த வசந்தத்தில்.